துவர் இறங்கிய தண்ணீர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் எட்டாத மூலை ஒன்று உண்டு. நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் அங்கே செய்தித்தாள் படிக்க முடியும். அந்த மூலையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறேன். கொள்ளளவு 56 லிட்டர் சொச்சம். மண்ணும் மணலும் கட்டையும் இடம் எடுத்துக்கொண்டது போக, தண்ணீர் நாற்பத்தைந்து லிட்டர் இருந்தால் அதிகம். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “தண்ணி மாத்தி ரொம்ப நாளாச்சோ?”

ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். அவர்கள் பார்ப்பது அழுக்கை இல்லை, நிறத்தை. பால் விடாத தேநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த ஊர் நம்முடையது. நிறமுள்ள தண்ணீரைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் தெளிவு வேறு, நிறம் வேறு. என் தொட்டியின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையின் கொம்பு இரண்டையும் முன்னால் இருந்தே எண்ணலாம். அவ்வளவு தெளிவு. அந்தத் தெளிவின் மேல் ஒரு பொன்பழுப்புப் பூச்சு. அதைக் கொடுத்தது நடுவில் கிடக்கும் மரக்கட்டை.

கட்டையைக் கொளத்தூரில் வாங்கினேன். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான், தெருத்தெருவாகக் கடைகள். மீன் வளர்க்கிறவர்கள் டிரிஃப்ட்வுட் என்று சொல்லும் அந்தக் கட்டைகள் ஒரு கடையின் பின்பக்கம் விறகுபோல அடுக்கிக் கிடந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைக்காரர் ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “காஞ்ச கட்டையைப் பாத்து வாங்காதீங்க சார். ஊத்திப் பாருங்க.”

ஊற்றினேன். சாம்பல் நிறம் ஒரு நொடியில் மறைந்தது. உள்ளே இருந்து கருஞ்சிவப்பும் பழுப்பும் எழுந்துவந்தன. மரத்தின் ரேகைகள், ஒன்றையொன்று ஒட்டி ஓடிய கோடுகள், ஒரு முடிச்சை நெருங்கும்போது ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல இரண்டாகப் பிரிந்து, முடிச்சைத் தாண்டி மறுபடி சேர்ந்தன. கட்டையின் அடிப்பக்கத்தில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. மென்மையான பாகமெல்லாம் மக்கிப் போய், மக்க மறுத்த வைரம் மட்டும் மிஞ்சிய உடல் அது. இரண்டு கிளைகள், ஒன்று தாழ்ந்து முன்னால் நீண்டது, இன்னொன்று பின்னால் ஏறித் திரும்பியது. எடை போட்டு விற்கும் பொருள் அது. எடை போட்டபோது ஒரு குழந்தையைத் தராசில் வைப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். பெயரிலே மிதப்பு இருந்தாலும், நல்ல கட்டைக்கு அடையாளம் அது மூழ்குவதுதான்.

பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெரிய அண்டாவில் அதை வேகவைத்தோம். அரைமணி நேரத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் ஆனது. அதைக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி. நாலு தண்ணீர் ஆன பிறகும் நிறம் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா அண்டாவின் ஆவியை முகர்ந்து, “கடுக்கா ஊறவெச்ச வாசனை” என்றாள். அவள் மூக்கு சொன்னது சரி. மரத்திலிருந்து இறங்குவது டானின். நம் நாக்கு துவர்ப்பு என்று தனிச்சுவையாக எண்ணி வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான்: கடுக்காயில், வாழைப்பூவில், பிஞ்சு மாதுளைத் தோலில், கொட்டைப் பாக்கில் இருப்பது. துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் நிறம் பிடிப்பதற்காக முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைப்பது இந்தத் துவருக்காக. மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடும் பாதாம் இலையும் அதே கூட்டம். அந்த இலையைத் தரும், தெருவோரம் நிற்கும் நாட்டு வாதுமை மரமும் கடுக்காய் மரமும் டெர்மினாலியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எங்கள் தெருமுனை மரம் இலை உதிர்க்கும் காலத்தில், உதிர்வதற்கு முன் இலைகள் செம்புநிறமாகும். விழுந்ததில் பழுதில்லாததைப் பொறுக்கிக் கழுவி வெயிலில் காயவைத்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். தண்ணீர் மாற்றி மாற்றி நிறம் வெளுத்துவரும் வாரங்களில் ஓர் இலை போட்டால் போதும்.

துவர் இறங்கினால் தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மை அடையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டு போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். அது அமிலத்தை வந்த வேகத்தில் சமன்செய்துவிடும். சோதித்துப் பார்த்ததில் எண் அசையவேயில்லை. அசைந்தது வெளிச்சம். துவர் கலந்த தண்ணீர் நீல ஒளியை அதிகமாக விழுங்கிக்கொள்ளும். மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிடும். அதனால் மேலே எரிவது வெள்ளை விளக்கு, கீழே விழுவது மாலை வெயில். கண்ணாடிக்கு அருகே தண்ணீர் ஏறக்குறைய நிறமற்றது. உள்ளே போகப்போக நிறம் கூடும். ஓரடி அகலத்துக்குள் பின்மூலை தூரமாகிவிடுகிறது. பின்னால் ஏறித் திரும்பும் கிளையின் நுனி எங்கே முடிகிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முன்னால் நீளும் கிளையில் ரேகை ரேகையாகத் தெரியும் மரம், பின்னால் போகும்போது வெறும் உருவமாகி, கடைசியில் நிழலாகிறது. ஒரே கட்டை மூன்று விதமாகத் தெரிகிறது.

இரண்டாம் வாரம் கட்டையின் மேல் ஒரு வெள்ளைப் படலம் படர்ந்தது. முதலில் கண்ணாடி மேல் மூச்சுவிட்டதுபோல, பிறகு பஞ்சாக, பிறகு சளிபோலத் தொங்கும் இழைகளாக. தொட்டி வைத்த பலர் இந்தக் கட்டத்தில் பயந்து கட்டையை எடுத்து எறிந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. மரத்திலிருந்து கசியும் சர்க்கரைப் பொருள்களைத் தின்ன வந்த பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம் அது. உணவு தீர்ந்ததும் தானாகப் போய்விடும். நான் நத்தைகளை விட்டேன். ராம்ஸ்ஹார்ன் என்று விற்கும், ஆட்டுக்கடாவின் கொம்புபோலத் தட்டையாகச் சுருண்ட சிவப்பு நத்தைகள். படலத்தின் ஓரத்தில் ஒன்று மேய ஆரம்பித்தது. அது போன தடம் மட்டும் கருஞ்சிவப்பு மரமாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் கட்டை முழுக்க அப்படிப்பட்ட தடங்கள், ஈரச்சுண்ணாம்புச் சுவரில் விரலால் கோலம் இழுத்ததுபோல. அந்த வாரம் முழுக்க நான் வேறெதையும் பார்க்கவில்லை.

கட்டையை எங்கே வைப்பது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். நடுவில் வைத்தால் அது காட்சிப்பொருள். கொஞ்சம் விலக்கி, நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு முடியும் இடத்தில் வைத்தால், தொட்டிக்கே அது முதுகெலும்பு ஆகிறது. தண்ணீருக்குள் காடு அமைக்கும் கலையை உலகம் முழுக்கப் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோவின் தொட்டிகளைப் படத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றது இது. 1954-இல் நீகாதாவில் பிறந்தவர், 2015-இல் மறைந்தார். அதே ஆண்டு லிஸ்பன் கடல்வாழ் காட்சிச்சாலையில் அவர் அமைத்து முடித்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அவர் கட்டைகளை வைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு: எல்லாக் கிளைகளும் ஒரே பக்கம் நீரோட்டம் வந்து தள்ளியதுபோலச் சாய்ந்திருக்கும். ஓடாத தண்ணீரில் ஓட்டத்தின் ஞாபகம். என் கட்டையின் இரண்டு கிளைகளையும் ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீரின் போக்கிலேயே சாய்த்தேன். வைத்துப் பார்த்தபோதே தெரிந்தது, இனி அதை அசைக்கத் தேவையில்லை என்று. ஆனால் அமானோவின் தொட்டிகள் பெரும்பாலும் பளீரென்ற விளக்கும் உருளையிலிருந்து குமிழ்விடும் கரியமில வாயுவும் கொண்டவை. செடிகள் அங்கே ஓடி வளரும், கத்தரிக்கோல் ஓயாது. எனக்கு வேண்டியிருந்தது வேறு.

நான் வைத்திருப்பது சாதாரண எல்இடி பட்டை விளக்கு. நாளைக்கு ஆறு மணி நேரம், மாலை மூன்றிலிருந்து ஒன்பது வரை. கரியமில வாயு கிடையாது. குறைந்த வெளிச்சத்தில் செடி குறைவாகவே சமைக்கிறது. குறைவாகச் சமைப்பதால் குறைவாகவே கேட்கிறது. மீன் கழிவிலிருந்தும் மக்கும் இலையிலிருந்தும் கிடைப்பதே அதற்குப் போதும். வெளிச்சத்தை மட்டும் கூட்டி மற்றதைக் கூட்டாவிட்டால், மிஞ்சும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒருமுறை ஊரிலிருந்து விருந்தினர் வந்திருந்த பத்து நாளும் விளக்கைக் காலை முதல் இரவு வரை எரியவிட்டேன். இலை ஓரங்களில் கறுப்பாக, கண்ணிமை மயிர்போலப் பாசி முளைத்துவிட்டது. அது போக மூன்று மாதம் ஆயிற்று. மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டு நிழலைக் கூட்டியபிறகுதான் அடங்கியது.

அந்தப் பாசி அதிகம் பிடித்தது அனுபியாஸ் இலைகளில். காரணம், அந்த இலைகளின் ஆயுள். மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் காட்டோடைகளில் நிழலில் வளரும் செடி அது. 1857-இல் ஷாட் என்ற தாவரவியலாளர் அதற்கு எகிப்தியரின் மறுவுலகத் தெய்வமான அனுபிஸின் பெயரை வைத்தார். நிழலுலகத்தின் பெயரை நிழல்செடிக்கு. அது ஓர் இலை விடுவதற்கு என் தொட்டியில் மூன்று, நான்கு வாரம் ஆகிறது. விட்ட இலை ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். புது இலை வரும் விதத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தேன். முதலில் தண்டின் நுனியில் ஒரு முள். அது இளம்பச்சை ஊசியாக நீளும். ஊசி உண்மையில் இறுகச் சுருட்டிய இலை. பீடாக்கடையில் கூம்பாகச் சுருட்டிய வெற்றிலையின் சுருட்டு. ஐந்தாறு நாளில் ஓர் ஓரம் மட்டும் விலகும். உள்ளே ஒளி ஊடுருவும் பச்சை, நரம்புகள் எண்ணக்கூடியபடி. முழுக்க விரிந்தபிறகும் அதற்கு இன்னும் உரம் ஏறவில்லை, நீரோட்டத்தில் நடுங்கும். வாரங்கள் போகப்போகப் பச்சை அடர்ந்து, மேல்புறம் மெழுகேறி, பக்கத்தில் இருக்கும் பழைய இலையின் கருமைக்கு வரும். ஒரே செடியில் அடுத்தடுத்து நிற்கும் நாலு இலைகளில் நாலு பச்சை. வேகமாக வளரும் செடியில் இது தெரியாது. அங்கே எல்லா இலையும் நேற்றுப் பிறந்தவை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அனுபியாஸ் சேம்புக் குடும்பத்துச் செடி. மணலில் நட்டிருக்கும் கிரிப்டோகொரைனும் அதே குடும்பம். மேலே மிதக்கும் ஆகாயத்தாமரையும், பிஸ்டியா என்று சொல்லுவார்களே, அதுவும் அதே குடும்பம். சந்தையில் வாங்கிவந்து புளி ஊற்றிச் சமைக்கும் சேப்பங்கிழங்குக்கும் கருணைக்கும் தூரத்து உறவினர்கள் என் தொட்டியில் மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று தளங்களில் இருக்கிறார்கள். உறவை இலையில் பார்க்கலாம்: நடுநரம்பிலிருந்து வளைந்து ஓரத்துக்கு ஓடும் கோடுகள், பளபளப்பு, புது இலை சுருண்டு வரும் விதம். ஒருமுறை அனுபியாஸ் தண்ணீருக்குள்ளேயே பூத்தது. வெள்ளை மடல், நடுவில் விரல்போல ஒரு தண்டு. கருணைப் பூவின் சின்னஞ்சிறு நகல். கருணைப் பூவின் நாற்றம் மட்டும் இல்லை; இருந்திருந்தாலும் தண்ணீர் அதைக் கொடுத்திருக்காது.

கிரிப்டோகொரைன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் ‘மறைந்த தண்டாயுதம்’ என்று பொருள். பூவின் அந்த நடுத்தண்டு மடலின் அடியில் ஓர் அறைக்குள் மறைந்திருப்பதால் வந்த பெயர். நான் வைத்திருப்பது வெண்ட்டியை என்ற இனம், இலங்கையின் ஓடைகளுக்கே சொந்தமானது. உலகம் முழுக்கக் குறைந்த வெளிச்சத் தொட்டிகளில் அதிகம் வளர்க்கப்படும் செடிகளில் ஒன்று. அதன் நெருங்கிய உறவான ஸ்பைராலிஸ் என்ற இனம் நம் வயல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் வளர்கிறது. அதன் கிழங்கு நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் நாட்டுமருந்தில் இடம்பெற்றது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது, செடி தெரியாது. எனக்குச் செடி தெரிந்திருந்தது, பெயர் தெரியாது.

வெண்ட்டியை நட்ட பத்தாம் நாள் கரைந்தது. ‘மெல்ட்’ என்பார்கள். இடம் மாறினால், தண்ணீர் மாறினால், இந்தச் செடி தன் இலைகளை எல்லாம் கைவிட்டுவிடும். வதங்குவதோ மஞ்சளாவதோ இல்லை. இலை கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி ஆகி, கூழாகி, ஃபில்டரின் ஓட்டத்தில் கிழிந்து போய்விடுகிறது. மணலில் வெறும் குச்சி நுனிகள் மிஞ்சின. பிடுங்கிப் போடாதே என்று படித்திருந்ததால் விட்டுவைத்தேன். கண்ணுக்கு மணல் மட்டும் தெரிந்த அந்த ஐந்து வாரம், மணலுக்கடியில் இருந்த ஓர் அங்குலத் தோட்டமண்ணில் வேர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் கண்ணாடியோரமாக வெள்ளை நூல்போல அது தெரிந்தது. பிறகு வந்த இலைகள் பழைய இலைகளைப்போல இல்லை. கடையில் வாங்கியபோது பச்சையாகவும் நிமிர்ந்தும் இருந்தவை, நீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்த்த இலைகள். இப்போது வந்தவை தண்ணீருக்கே பிறந்தவை: செம்புப் பழுப்பு, ஓரம் அலையலையாக, அடிப்புறம் இளஞ்சிவப்பு. கட்டையின் நிறத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்து உடுத்திக்கொண்டதுபோல வந்தன.

ஜாவா ஃபெர்னைக் கட்டையில் கட்டியது அம்மா. தென்கிழக்காசிய ஓடைகளில் பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணி அது. மண்ணில் புதைத்தால் தண்டு அழுகிவிடும்; மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இப்போது பலரும் பசை போட்டு ஒட்டுகிறார்கள். எனக்குப் பருத்தி நூல்தான் வேண்டும் என்று தோன்றியது. ஈரக்கட்டையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட என் விரல் வழுக்கியது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “கொண்டா இங்க” என்றாள்.

பூக்கட்டும் நூலை எடுத்தாள். இடதுகைப் பெருவிரலால் செடியைக் கட்டையோடு அழுத்திப் பிடித்து, வலதுகையில் நூலை இரண்டு விரலில் சுற்றி, ஒரு திருகு, ஒரு இழுப்பு. முல்லை கட்டும் அதே முடிச்சு. தண்டை நெரிக்காமல், வழுகவும் விடாமல். மூன்று இலைக்கு ஒரு கட்டு என்ற கணக்கில் கிளையின் மேல் வரிசையாகக் கட்டிக்கொண்டே போனாள். “ரொம்ப இறுக்கினா காம்பு அறுந்துடும், பூவுக்கும் அப்படித்தான்” என்றாள். கட்டி முடித்து, கிளையைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், சரத்தைப் பார்ப்பதுபோல. ஓரிடத்தில் இடைவெளி அதிகம் என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஐம்பது வருஷமாகச் சாமி படத்துக்கும் கொண்டைக்கும் கட்டிய கை.

பருத்தி நூல் தண்ணீரில் சில மாதங்களில் மக்கிவிடும். அதற்குள் பெரணியின் பழுப்பு வேர்மயிர் மரத்தின் ரேகைகளுக்குள் புகுந்துவிட வேண்டும். மூன்றாம் மாதம் ஓரிடத்தில் நூல் அறுந்து ஆடியது. விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பெரணி அசையவில்லை. அதன் இலைகளின் அடிப்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்திருந்தன. நோயோ என்று சிலர் பதறுவார்கள். அவை வித்துத்தூள் பைகள். சில முதிர்ந்த இலைகளின் நுனியில் குட்டிச் செடியே முளைத்து, இரண்டு மூன்று குறுஇலைகளோடும் தொங்கும் வேரோடும் தாயிலையில் ஆடிக்கொண்டிருக்கும். அதைக் கிள்ளி இன்னொரு இடத்தில் கட்டலாம். நான் கிள்ளவில்லை. தானாகப் பிரிந்து மிதந்துபோய்ப் பின்கிளையின் பொந்தில் ஒன்று சிக்கிக்கொண்டது. இப்போது அங்கே வளர்கிறது; அந்த இடத்தை நான் யோசித்திருக்க மாட்டேன்.

செடியும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் என்று ஒருவர் முதலில் செய்து காட்டிய கதை எனக்கு எப்போதும் இனிக்கும். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும் வாலிஸ்னேரியா செடியும் வைத்தார். செடி கொடுக்கும் ஆக்ஸிஜன் மீனுக்கு, மீன் விடும் கரியமில வாயு செடிக்கு என்பது கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழைய இலைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்தன, கண்ணாடியில் பச்சை படர்ந்தது. அப்போது அவர் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அக்வேரியம் என்ற சொல்லே மக்கள் வழக்கில் இன்னும் வராத காலம். வேதியியலாளர் ஒருவரின் கணக்கில் விட்டுப்போன வரியை ஒரு நத்தை நிரப்பியது. என் தொட்டியில் வெள்ளைப் படலத்தை மேய்ந்த நத்தையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஞாபகம் வரும்.

முதல் ஆறு வாரம் தொட்டியை மீனில்லாமல் வைத்திருந்தேன். மீன் கழிவில் உள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற அவ்வளவு நாள் வேண்டும். சொரசொரப்பான கட்டை அவற்றுக்கு நல்ல இடம்.

இந்த வெளிச்சத்துக்கு எந்த மீன் என்று யோசித்தபோது, நியான் டெட்ரா போன்ற அமேசான் மீன்களைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அழகுதான். ஆனால் நம் பக்கத்து மீன் ஒன்று நிழலுக்கென்றே இருக்கிறது. சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ். வயல் வாய்க்கால், ஓடை, அல்லிக்குளம் என்று ஓட்டம் குறைந்த தண்ணீரில் வாழும் சிறு மீன், விரல் நீளம்கூட வராது. 1831-இல் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அதை விவரித்தபோது, மாதிரி கிடைத்த ஆற்றின் பெயரை மீனுக்கு வைத்தார்: புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆறு. பிரெஞ்சுக்காரர் காதில் ‘அரியான்-கூபாங்’ என்று விழுந்தது, லத்தீனில் ‘குபானஸ்’ ஆயிற்று. அரியாங்குப்பத்தைத் தன் பெயரில் சுமந்துகொண்டு திரியும் மீன்! நண்பர் ஒருவர் வயல் வாய்க்காலில் பிடித்ததில் ஒரு சோடி கொடுத்தார்.

வெள்ளைத் தொட்டியில், பளீர் விளக்கில் வைத்தால் அது ஒன்றுமில்லை. வெளிறிய பழுப்பு மீன். கடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துவர்நீரில் விட்ட மூன்றாம் நாள் ஆண்மீனின் கண் செந்நிறமானது. அடித்துடுப்பின் நீண்ட இழைகள் சிவந்தன. துடுப்பு ஓரங்களில் நீலக்கோடு, மயிரிழை அளவு. நீலத்தை விழுங்கும் தண்ணீரில் அந்த நீலம் எப்படித் தெரிகிறது என்று வியந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு ஓரிரு அங்குலத்துக்குள் வரும்போது மட்டும் தெரியும். கிளைக்குப் பின்னால் போனதும் அணைந்துவிடும். வாலின் நடு இழை மட்டும் முள்போல வெளியே நீண்டிருக்கும். அடிக்கடி மேலே போய் ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு இறங்கும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உள்ள மீன். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டு ஆக்ஸிஜன் குறையும்போதும் அதற்குக் கவலையில்லை. பெரணிக்குத்தான் அந்த மாதம் கஷ்டம். சில இலைகள் கருகும்.

போன ஐப்பசியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, முன்கிளையின் அடியில் அனுபியாஸ் இலை ஒன்றின் கீழ்ப்புறம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ்கள். ஒவ்வொன்றும் கசகசா அளவு. ஆண்மீன் மேலே போய் வாய் நிறையக் காற்று எடுத்துவந்து, இலைக்கடியில் ஒவ்வொரு குமிழாகத் துப்பி அடுக்கிக்கொண்டிருந்தது. சிலது நழுவி மேலே போனது. பின்தொடர்ந்து போய்ப் புதுசு கொண்டுவந்தது. பெண்மீனைத் தேடினேன், காணவில்லை. பிறகுதான் புரிந்தது, கட்டையோடு கட்டையாக நின்ற கறுப்பு மீன் அவள்தான் என்று. முட்டையிடும் நேரத்தில் இந்த இனத்துப் பெண் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடும். காலையில் வெளிர் பழுப்பாகப் பார்த்த மீன், மாலையில் ஈரக் கட்டையின் நிறம்.

ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. டார்ச்சை விரல்களால் மூடிக்கொண்டு, விரலிடுக்குச் சிவப்பில் கசியும் வெளிச்சத்தில் பார்த்தேன். குமிழ்களுக்கு நடுவே முட்டைகள், பால்நிறமாக. ஒன்று நழுவி விழுந்தது. ஆண்மீன் அது மணலைத் தொடுவதற்குள் வாயில் கவ்விக்கொண்டு ஏறி, இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவைத்தது. அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தேன். தரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை பார்த்தபோது, குமிழ்களுக்கிடையே காற்புள்ளி காற்புள்ளியாகக் குஞ்சுகள் வால் கீழே தொங்க ஒட்டிக்கொண்டிருந்தன.